1970 செவெல் எஸ்எஸ்: எந்த அளவு டயர், எவ்வளவு காற்று?

பழைய அமெரிக்க மசில் கார் வாங்கியவர்கள் டயர் கடைக்குப் போனதும் கேட்கும் முதல் கேள்வி, "பின்னால் எவ்வளவு அகலம் போடலாம்?" என்பதுதான். அகலம் வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்குத் தெரிகிறது. ஓட்டுகிறவருக்குத் தெரிவதோ வேறு மூன்று: டயரின் உள்கட்டமைப்பு, அதில் உள்ள காற்று, முன்சக்கரங்களின் கோணம். இந்த மூன்றும் சரியாக அமைந்த 235 மில்லிமீட்டர் அகல டயர், இவை எதையும் கவனிக்காமல் மாட்டிய 275 மில்லிமீட்டர் அகல டயரைவிட நன்றாக ஓடும். ஆகவே இங்கே நான் டயர்களை ஒப்பிடுவது அகலத்தை வைத்து அல்ல.

எடுத்துக்காட்டாக 1970 ஷெவர்லே செவெல் எஸ்எஸ் காரை எடுத்துக்கொள்கிறேன். இதில் தேர்வுகள் அதிகம், அதனால் குழப்பமும் அதிகம். சக்கரத்தை மாட்டும் ஐந்து போல்ட்டுகளின் வட்டம் 4.75 அங்குலம். ஷெவர்லேயின் இன்னொரு காரான அதே காலத்துக் கமாரோவுக்கும் இதே அளவுதான். ஆனால் கமாரோவின் மட்கார்டுக்குள் இருக்கும் இடம் வேறு. அதனால் கீழே உள்ள அளவுகளை அப்படியே கமாரோவுக்குக் கொண்டுபோக வேண்டாம். காற்றைப் பற்றிச் சொல்வது மட்டும் பெரும்பாலும் பொருந்தும்.

1970இல் இந்தக் கார் ஆலையைவிட்டு வெளிவந்தபோது 14 அங்குல விட்டமும் 7 அங்குல அகலமும் கொண்ட ரிம்மில் எஃப்70-14 டயர் இருந்தது. எஃப் என்பது எடை தாங்கும் திறனைக் குறிக்கும் எழுத்து. 70 என்பது பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் 70 விழுக்காடு என்பதைச் சொல்கிறது. அகலம் எத்தனை மில்லிமீட்டர் என்று அதில் எங்கும் எழுதியிருக்காது. அதனால்தான் இன்றைய அளவில் இதற்கு இணை எது என்று கேட்டால் ஒரு பட்டியல் 215/70ஆர்14 என்கிறது, இன்னொன்று 225/70ஆர்14 என்கிறது (முதல் எண் மில்லிமீட்டரில் அகலம், கடைசி எண் அங்குலத்தில் ரிம்மின் விட்டம்). முதலாவதன் மொத்த உயரம் ஏறத்தாழ 25.9 அங்குலம், இரண்டாவதன் உயரம் 26.4 அங்குலம். இரண்டில் எதைப் போட்டாலும் கார் ஓடும். பெரிய வி8 எஞ்சின் கொண்ட செவெலின் முன்பக்கம் கனமானது என்பதால் நான் 225 பக்கமே சாய்வேன்.

எடையை இப்போதே மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது, பிறகு காற்றைப் பற்றிப் பேசும்போது உதவும். பெரிய எஞ்சினுள்ள செவெல் ஓட்டுநரோடு சேர்த்து ஏறத்தாழ 1,800 கிலோ. அதில் பாதிக்கும் மேல் முன்னால் இருக்கிறது. முன்சக்கரம் ஒவ்வொன்றும் 500 கிலோவுக்குச் சற்று மேலும், பின்சக்கரம் ஒவ்வொன்றும் 400 கிலோவுக்குச் சற்றுக் கீழும் தாங்குகின்றன.

பழைய வகை டயர்: காட்சிக்கா, சாலைக்கா?

ஆலையில் வந்த டயர் ரேடியல் அல்ல (நூல்கள் ஒரு விளிம்பிலிருந்து மறுவிளிம்புக்கு நேர்குறுக்கே ஓடும், இன்றைய கார்களில் உள்ள வகைதான் ரேடியல்; அளவில் வரும் ஆர் அதைத்தான் குறிக்கிறது). உள்ளே நூல் அடுக்குகள் குறுக்கும் நெடுக்குமாகச் சாய்ந்து ஓடும் பயஸ் வகை; நம்மூர் லாரிக்காரர்கள் நைலான் டயர் என்று சொல்கிற அதே அமைப்பு. 1960களின் இறுதியில் அதன்மேல் கண்ணாடியிழைப் பட்டை சுற்றிய டயர்கள் வந்தன. குட்இயரின் பாலிகிளாஸ் அந்த வகையில் பெயர்பெற்றது. அந்த வெள்ளை எழுத்தும் அந்தக் காலத்துக் கோடுகளும் அப்படியே அமைந்த மறுபதிப்பு டயர்கள் இன்றும் கிடைக்கின்றன. டென்னசி மாநிலத்தின் சட்டனூகாவில் உள்ள கோக்கர் டயர் நிறுவனம் இத்தகைய பழைய வடிவ டயர்களுக்கே பேர்போனது.

காரை ஆலையில் வந்தபடியே மீட்டெடுத்துக் கண்காட்சியில் நிறுத்துபவருக்கு இதைத் தவிர வேறு வழியில்லை. நடுவர் டயரையும் பார்ப்பார். சாலையில் ஓட்டுபவருக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். பயஸ் டயர் சாலையில் உள்ள நீளவாட்டுப் பள்ளங்களைப் பிடித்துக்கொண்டு காரைப் பக்கவாட்டில் இழுக்கும். ஓட்டுநர் ஸ்டீயரிங்கை ஓயாமல் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். நைலான் நூல் கொண்டதாக இருந்தால், இரவெல்லாம் நின்ற இடத்தில் தட்டையாகிப்போன பகுதி காலையில் முதல் சில கிலோமீட்டருக்குத் தடதடக்கும். ஈரச்சாலையில் பிரேக் பிடிக்கும்போது ரேடியலுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு எவருக்கும் புரியும். டிரம் பிரேக் உள்ள காரில் அந்த வேறுபாடு ஆபத்தானது.

ஒரு விதியை மட்டும் இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். ஒரே அச்சில் ஒரு பக்கம் பயஸும் மறுபக்கம் ரேடியலும் மாட்டக் கூடாது. முன்னால் ரேடியல், பின்னால் பயஸ் என்றும் மாட்டக் கூடாது. பின்பக்கம் முதலில் வழுக்கும். வழுக்கத் தொடங்கிய பிறகு அதைத் திருத்த நேரம் கிடைக்காது.

14 அங்குலத்திலேயே ரேடியல்

செலவு குறைந்த வழி இது. பழைய எஸ்எஸ் ரிம்மை வைத்துக்கொண்டு 225/70ஆர்14 ரேடியல் மாட்டினால் காரின் தோற்றம் ஏறக்குறைய மாறாது, ஓட்டம் முழுதாக மாறிவிடும். குறை என்னவென்றால், இந்த அளவில் டயர் தயாரிப்பவர்கள் மிகச் சிலரே. பிஎஃப்குட்ரிச் ரேடியல் டி/ஏ போன்றவை எஸ் என்ற வேகக் குறியீட்டோடு வருகின்றன, அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர் வரை. சட்டப்படியான நெடுஞ்சாலை வேகத்துக்கு அது தாராளமாகப் போதும். ஆனால் இவற்றின் ரப்பர் நீண்டகாலம் தேயாமல் உழைப்பதற்காகச் செய்யப்பட்டது, வளைவில் இறுகப் பிடிப்பதற்காக அல்ல. 450 குதிரைத்திறன் என்று ஆலை அறிவித்த எல்எஸ்6 எஞ்சின் வைத்திருப்பவர் ஆக்சிலரேட்டரை ஓங்கி மிதித்தால் பின்சக்கரம் புகைவிடுவதைத் தடுக்க முடியாது. வாரம் ஒருமுறை நிதானமாக ஓட்டிப் பார்ப்பவருக்கு அது பெரிய குறையில்லை.

15 அங்குலம்

என் தேர்வு இதுதான், காரணங்களைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

1971இல் ஷெவர்லே நிறுவனமே செவெல் எஸ்எஸ் காரை 15 அங்குல விட்டமும் 7 அங்குல அகலமும் உள்ள ரிம்முக்கு மாற்றி எஃப்60-15 டயரைப் போட்டது. அதன் இன்றைய இணை 235/60ஆர்15. ஆகவே அடுத்த ஆண்டே ஆலை ஏற்றுக்கொண்ட அளவைத்தான் நாம் போடுகிறோம். மொத்த உயரம் 26.1 அங்குலம், பழைய 14 அங்குல டயரிலிருந்து பெரிய மாற்றமில்லை, அதனால் வேகமானியும் பெரிதாகப் பொய் சொல்லாது. பக்கச்சுவர் 141 மில்லிமீட்டர். 225/70ஆர்14இல் அது 157. இந்த 16 மில்லிமீட்டர் குறைவுதான் ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் கார் உடனே பணிவதற்குக் காரணம். அப்படியும் பள்ளத்தில் இறங்கும்போது ரிம் நசுங்காத அளவுக்குச் சுவர் மிச்சமிருக்கிறது.

முன்னால் 7 அங்குல ரிம்மில் 235/60ஆர்15, பின்னால் 8 அங்குல ரிம்மில் 255/60ஆர்15. இந்த இணை இந்தக் காருக்கென்றே அமைந்தது போல இருக்கும். பின்டயர் 27 அங்குல உயரம் என்பதால் பின்பக்கம் ஏறத்தாழ 12 மில்லிமீட்டர் உயர்கிறது. மசில் காருக்கே உரிய அந்த முன்சாய்வு கிடைத்துவிடும்.

அந்தச் சாய்வுக்கும் ஒரு விலை உண்டு. பின்பக்கம் உயர்ந்தால் முன்சக்கரத்தின் காஸ்டர் கோணம், அதாவது சக்கரம் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு, குறையும். முன், பின் சக்கர அச்சுகளுக்கு இடையேயான 112 அங்குல தூரத்துக்கு (வீல்பேஸ்) 12 மில்லிமீட்டர் உயர்வு என்றால் கால் பாகைக்குச் சற்றுக் குறைவு. சிறிய எண்தான். ஆனால் ஆலை இந்தக் காருக்கு வைத்த காஸ்டரே சுழியத்தை ஒட்டியதுதான். பவர் ஸ்டீயரிங் இல்லாத காரையும் எளிதாகத் திருப்ப வேண்டும் என்பதற்காகவும், பயஸ் டயரை மனத்தில் வைத்தும் முடிவான எண் அது. ரேடியல் மாட்டிவிட்டு அலைன்மென்ட் கடையில் பழைய கையேட்டு எண்களையே வைத்தால், நெடுஞ்சாலையில் கார் அலைபாயும். பழி டயர்மேல் விழும். பவர் ஸ்டீயரிங் உள்ள செவெலுக்கு மூன்று பாகைக்கு மேல் நேர்மக் காஸ்டர் கேளுங்கள். சக்கரத்தை மேலிருந்து பிடிக்கும் பழைய சஸ்பென்ஷன் மேற்கைகளில் ஷிம் என்ற மெல்லிய தகடுகளை மாற்றியே எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரம் போகலாம். அதற்கும் மேலே வேண்டுமானால் கோணம் மாற்றிய மேற்கைகளை வாங்கி மாட்ட வேண்டியிருக்கும்.

பின்னால் 275/60ஆர்15 போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. ரிம்மின் உள்விளிம்பிலிருந்து மாட்டும் தளம் வரையுள்ள தூரம் சரியாக அமைந்தால் இடம் இருக்கிறது. 8 அங்குல ரிம்மில் அந்தத் தூரம் நாலரை அங்குலத்தை ஒட்டி இருக்க வேண்டும். ஆனால் டயரின் உயரம் 28 அங்குலம் ஆகிவிடும். 3.31 விகித டிஃபரென்ஷியல் உள்ள கார் மணிக்கு 60 மைல் போகும்போது, 26.1 அங்குல டயரில் எஞ்சின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,560 சுற்று சுற்றும். 28 அங்குல டயரில் 2,380தான். நெடுஞ்சாலையில் அது நிம்மதி. சிக்னலிலிருந்து கிளம்பும்போது, எதற்காக இந்தக் காரை வாங்கினோமோ அந்தத் துள்ளல் குறைந்திருக்கும்.

டயர் வாங்குமுன் இடத்தை அளந்து பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. அதே அளவுள்ள பழைய டயர் ஒன்றை இரவல் வாங்கி மாட்டுங்கள். மட்கார்டின் உள்விளிம்பில், முன்பக்கம் பின்பக்கம் இரண்டிலும், குழந்தைகள் விளையாடும் களிமண்ணைச் சுண்டுவிரல் தடிமனுக்கு ஒட்டுங்கள். ஸ்டீயரிங்கை இருபுறமும் கடைசி வரை திருப்புங்கள். பிறகு கீழ்க்கையின் அடியில் ஜாக்கி வைத்துச் சக்கரத்தை மேலே தூக்கி மறுபடியும் திருப்புங்கள். களிமண்ணில் டயரின் பட்டன் (சாலையைத் தொடும் ரப்பர்ப் பகுதி) பதிந்திருந்தால் அது உரசும் இடம். மட்கார்டு பழுதுபார்க்கப்பட்ட கார்களில் இடதும் வலதும் ஒன்றாக இருக்காது, இரண்டையும் பார்த்துவிட வேண்டும்.

17, 18 அங்குலம்

நவீன ரப்பரின் பிடிப்பு வேண்டுமென்றால் இங்கேதான் வர வேண்டும். 15 அங்குலத்தில் நல்ல கோடைக்கால வேக டயர்கள் அருகிவிட்டன. 17இல் குவிந்து கிடக்கின்றன. முன்னால் 245/45ஆர்17, பின்னால் 255/50ஆர்17 என்பது செவெலில் நன்றாக அமையும். 13 அங்குல டிஸ்க் பிரேக் மாட்டியவருக்கு 15 அங்குல ரிம் உள்ளேயே போகாது என்பதால் அவருக்கு வேறு தேர்வும் இல்லை.

ஆனால் டயரை மட்டும் மாற்றிவிட்டு மற்றதையெல்லாம் 1970இலேயே விட்டுவைப்பது எனக்கு ஒப்பவில்லை. பிடிப்பு கூடினால் வளைவில் கார் மேலும் சாயும்; சஸ்பென்ஷனில் உள்ள பழைய பால் ஜாயின்ட்டுகளும் புஷ்களும் முன்பைவிட அதிகச் சுமையை வாங்கும். 245/45 டயரின் சுவர் 110 மில்லிமீட்டர்தான், சாலையின் ஒவ்வொரு விரிசலும் இருக்கைக்கு வந்து சேரும். ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், ஸ்டெபிலைசர் பார், பிரேக் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றப் பணமும் மனமும் உள்ளவருக்கு 17 அருமையான வழி. வளைந்த பக்கங்களுக்கு நடுவே நிறைந்த ரப்பரோடு நிற்கும் செவெலின் அழகும் போய்விடும் என்பதை நான் சொல்லாமல் விட முடியாது. அதை ஒரு பொருட்டாக நினைக்காதவர்கள் தாராளமாக மாற்றிக்கொள்ளட்டும்.

காற்று

காரில் ஒட்டியிருக்கும் தாளைப் பாருங்கள். 24 முதல் 28 வரை ஏதாவது ஓர் எண் இருக்கும். பவுண்டு என்று இங்கே நான் சொல்வதெல்லாம் சதுர அங்குலத்துக்கான பவுண்டு. அந்த எண் ரேடியலுக்கானது அல்ல. விறைப்பான சுவர் கொண்ட பயஸ் டயரில், மெத்தென்ற பயணத்தை விரும்பிய வாடிக்கையாளருக்காக அச்சிட்டது. ரேடியலின் சுவர் இளகியது. அதில் 24 பவுண்டு வைத்தால் ஸ்டீயரிங்கைத் திருப்பிய பிறகு கார் யோசித்துவிட்டுத் திரும்பும், பட்டனும் சுவரும் சேரும் தோள்பகுதி தேயும், நீண்ட ஓட்டத்தில் டயர் சூடேறும்.

டயரின் சுவரில் உள்ள எண்ணையும் நம்பிக் காற்றடிக்காதீர்கள். 35 என்றோ 44 என்றோ அங்கே இருப்பது உச்சவரம்பு. அவ்வளவு காற்றடித்தால் நடுப்பட்டை மட்டுமே சாலையைத் தொடும்; மிஷிகனின் கான்கிரீட் சாலைப் பொருத்துகளில் கார் குதித்துக்கொண்டே போகும்.

எடையை மட்டும் கணக்கில் எடுத்தால் 235/60ஆர்15 டயருக்குச் சிக்கலே இல்லை. 98 என்ற அதன் சுமைக் குறியீட்டுக்கு 35 பவுண்டு காற்றில் 750 கிலோ. 26 பவுண்டிலும் 600 கிலோவுக்குக் குறையாமல் தாங்கும். நமக்கு வேண்டியது 500 சொச்சம். ஆகவே காற்றைத் தீர்மானிப்பது எடை அல்ல, டயர் எவ்வளவு வளையலாம் என்பதுதான்.

15 அங்குல இணைக்கு நான் தொடங்கும் எண்கள்: முன்னால் 32, பின்னால் 29. கனம் முன்னால் இருப்பதால் முன்னால் அதிகம். பின்டயர் அகலமானது, சுமை குறைந்தது. அதற்கும் 32 வைத்தால் நடுவில் தேயும், கிளம்பும்போது வழுக்கும். வளைவில் மூக்கு வெளியே தள்ளுகிறது என்று தோன்றினால் முன்னால் ஒவ்வொரு பவுண்டாக 35 வரை கூட்டிப் பாருங்கள். 14 அங்குல ரேடியலுக்கு முன் 31, பின் 28. 17 அங்குலத்துக்கு முன் 34, பின் 31. பயஸ் டயர் மறுபதிப்புகளில் பலவற்றுக்கு உச்சவரம்பே 32தான். அவற்றில் முன் 28, பின் 26 என்று தொடங்கலாம்.

இவை தொடக்க எண்கள் மட்டுமே. முடிவைச் சாக்பீஸ் சொல்லும். பட்டனின் குறுக்கே ஒரு தோளிலிருந்து மறுதோள் வரை, தோளின் விளிம்பைச் சற்றுத் தாண்டியும், தடிமனாகக் கோடு போடுங்கள். சமதளத்தில் நேராக மெதுவாக ஓட்டிவிட்டு இறங்கிப் பாருங்கள். நடுவில் மட்டும் அழிந்திருந்தால் காற்று அதிகம். இரு ஓரங்களும் அழிந்து நடுக்கோடு வெள்ளையாகவே இருந்தால் காற்று குறைவு. உள்விளிம்பு மட்டும் அழிந்திருந்தால் அது காற்றின் குற்றமல்ல, அலைன்மென்ட்டின் குற்றம். மறுபடியும் கோடு போட்டு, இந்தமுறை வளைவான சாலையில் வழக்கமான வேகத்தில் போய்வாருங்கள். பல டயர்களின் தோளில் சிறு முக்கோணக் குறி இருக்கும். தேய்மானம் அந்தக் குறியை ஒட்டி நின்றால் சரி. அதையும் தாண்டிச் சுவரில் இறங்கியிருந்தால் இரண்டு பவுண்டு கூட்டுங்கள்.

காற்றை எப்போதும் டயர் குளிர்ந்திருக்கும்போதே பார்க்க வேண்டும். ஓடிய பிறகு சில பவுண்டு ஏறியிருக்கும், அதை வெளியே விடக் கூடாது. பருவத்துக்கும் ஒரு கணக்கு உண்டு: ஏறத்தாழ ஐந்தரை பாகை செல்சியஸுக்கு ஒரு பவுண்டு. ஏப்ரல் மாதம் 5 பாகைக் குளிரில் 32 வைத்துவிட்டு மறந்துபோனவரின் டயரில், ஆகஸ்டில் 30 பாகையில் ஓட்டத் தொடங்குமுன்பே 36க்கு மேல் இருக்கும். டெட்ராய்ட்டின் உட்வர்ட் அவென்யூவில் 1995 முதல் ஆகஸ்டு மாதத்தின் மூன்றாம் சனிக்கிழமையில் நடக்கும் பழைய கார்களின் பேரணிக்கு வருபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வெயிலில் காய்ந்த தார்ச்சாலையில் நாள் முழுதும் ஊர்ந்து போகிற ஓட்டம் அது. காலையில் வீட்டிலேயே சரிபார்த்துவிட்டுக் கிளம்புவது நல்லது. பெட்ரோல் பங்கின் அளவுமானியை நம்பாமல் சொந்தமாக ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கால் மைல் பந்தயத் தடத்துக்குப் போகிறவர்களின் கணக்கு வேறு. அந்த நேர்கோட்டுப் பந்தயத்துக்கென்றே செய்த டிராக் ரேடியல் டயர்களில் 18 பவுண்டை ஒட்டித் தொடங்கி, தடத்தைப் பார்த்து ஏற்றி இறக்குவார்கள். வீடு திரும்புமுன் காற்றை மறுபடியும் நிரப்ப வேண்டும். அந்த அழுத்தத்தில் நெடுஞ்சாலையில் ஏறுவது உயிருக்கு ஆபத்து.

எதை வாங்குவது

நடுவர் முன் நிறுத்தும் கார் என்றால் எஃப்70-14 மறுபதிப்பு. அதே காரை அவ்வப்போது ஓட்டவும் விரும்பினால் 225/70ஆர்14 ரேடியல் பொருத்திய இரண்டாவது ரிம் தொகுதி. பிரேக்கும் சஸ்பென்ஷனும் புதுப்பித்து மலைப்பாதை வளைவுகளில் ஓட்டுகிறவருக்கு 17. மற்ற எல்லோருக்கும் 15 அங்குலத்தில் 235/60, 255/60 இணையைத்தான் சொல்வேன். பணம் மிஞ்சினால் அலைன்மென்ட்டுக்குச் செலவிடுங்கள், இன்னும் அகலமான டயருக்கு அல்ல.

வாங்கும்போது டயரின் பிறந்த தேதியைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். சுவரில் டிஓடி எழுத்துகளோடு தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு எண்கள்தான் அது. 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். இத்தகைய கார்களில் பட்டன் தேய்வதற்குள் ரப்பர் கிழடு தட்டிவிடும். ஆழமான பட்டனோடு பளபளவென்று நிற்கும் பன்னிரண்டு வயது டயர், நெடுஞ்சாலை வேகத்தில் பட்டை பிரிந்து மட்கார்டையே கிழித்துவிடக் கூடும். பத்து வயதைத் தாண்டிய டயரை நான் எந்தக் காரிலும் விட்டுவைக்க மாட்டேன். விற்பவர் "புதுசு மாதிரியே இருக்கிறது" என்று சொல்லும் பழைய காரை வாங்கினால், டயர்களின் விலையையும் பேரத்தில் சேர்த்தே பேசுங்கள். அந்தக் குறியீடு சில டயர்களில் உட்புறச் சுவரில் மட்டுமே முழுதாக இருக்கும் என்பதால், டார்ச்சை எடுத்துக்கொண்டு காருக்கு அடியில் குனிந்து பார்க்க வேண்டியிருக்கும்.